தோற்றவரும் அடுத்த ஞாயிறு வரவேண்டும்

தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வீட்டில் எதிராளியின் காயை வெட்டாமல் நம் காய் பழமாகாது. நாலு வீடு தள்ளிப் போனால் வெட்டே வேண்டாம், போய்க்கொண்டே இருக்கலாம். விடுமுறைக்கு உறவுப் பிள்ளைகள் வந்துவிட்டால் கட்டம் வரைவதற்கு முன்பே கால் மணி நேரம் வழக்கு நடக்கும். எங்க வீட்டு ரூல்ஸா, உங்க வீட்டு ரூல்ஸா? பெரியவர் யாராவது ஓர் அதட்டல் போட்டு வழக்கை முடித்துவைத்த பிறகுதான் ஆட்டம்.

அந்த வழக்கையே ஆட்டமாக ஆக்கியவர் பீட்டர் சூபர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் எர்ல்ஹாம் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அவர் 1982-ல் உருவாக்கிய நோமிக் என்ற ஆட்டத்தில் ஒருவர் முறை வந்தால் செய்யவேண்டியது விதி ஒன்றை மாற்றச் சொல்லி முன்மொழிவது. மற்றவர்கள் விவாதித்து ஓட்டுப்போடுவார்கள். அந்த ஆண்டு ஜூன் மாத சயண்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் தன் பத்தியில் அதை எழுதினார். உலகம் முழுக்கப் பரவியது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் இதை நாங்கள் ஏழு பேர் ஆடுகிறோம். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பஞ்சாலையில் வேலை பார்த்து, சங்கக் கூட்டங்களிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த பெரியவர் ஒருவர், சட்டம் படிக்கும் பெண், செவிலியர், தையல்கடை வைத்திருப்பவர், அவருடைய மனைவி, கணக்கெழுதும் வேலையில் இருக்கும் இளைஞர். ஆங்கிலத்தில் இருந்த விதிகளை நான்தான் தமிழில் எழுதி லாங்சைஸ் நோட்டு ஒன்றில் ஒட்டினேன். நடந்த விவாதங்களிலிருந்து நான் தெரிந்துகொண்டதை, இதை ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இங்கே சொல்கிறேன். சங்கமோ குடியிருப்போர் கூட்டமோ நடத்துகிறவர்களுக்கும் உதவும் என்றே நம்புகிறேன்.

முதலில் அடிப்படை. தொடக்க விதிகள் 29. அவற்றில் 101 முதல் 116 வரை மாறா விதிகள், 201 முதல் 213 வரை மாறும் விதிகள். முறை வந்தவர் புது விதி சேர்க்கச் சொல்லலாம், இருப்பதைத் திருத்தச் சொல்லலாம், நீக்கச் சொல்லலாம். மாறா விதியை மாறும் பட்டியலுக்கு இறக்கவும், மாறும் விதியை மேலே ஏற்றவும் சொல்லலாம். மாறா விதியை இறக்குவதற்கு மட்டும் எப்போதும் ஒருமனதான ஓட்டு வேண்டும். முன்மொழிவுகளுக்கு 301-லிருந்து எண் தரப்படும். ஓட்டு முடிந்ததும் முறைக்காரர் பகடை உருட்டி, விழுந்ததைத் தன் கணக்கில் சேர்ப்பார். முன்மொழிவு தோற்றால் அவருக்கு 10 புள்ளி குறையும். 100 புள்ளியை முதலில் எட்டியவர் வென்றவர். இந்த 100, இந்த 10, ஏன் இந்த ஓட்டுமுறை வரை எல்லாமே மாற்றத்துக்கு உட்பட்டவைதான்.

எல்லாவற்றையும் மாற்றலாம் என்றால் எதைப் பார்த்து ஓட்டுப்போடுவது? ஆடி ஆடி நான் பிடித்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்த ஓட்டில் தோற்கப்போகிறவர் அடுத்த ஞாயிறு இந்த மாடிப்படி ஏறுவாரா? விதி 113 யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஆட்டத்தை விட்டு விலகலாம் என்கிறது. ஆகவே பெரும்பான்மைக்கு இருக்கும் ஒரே உண்மையான கடிவாளம் மற்றவர்கள் எழுந்து போய்விடலாம் என்பதுதான். ஏழு பேரில் நாலு பேர் மூன்று பேரை எல்லா ஓட்டிலும் வென்றால், கொஞ்ச நாளில் அந்த நாலு பேர் மட்டும்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்களிடம் வந்ததிலேயே மிக நல்ல விவாதம் தாமதம் பற்றியது. கணக்கெழுதும் தம்பி ஒரு முன்மொழிவு கொண்டுவந்தார்: சுற்று தொடங்கிய பிறகு வருகிறவருக்கு அன்று ஓட்டு கிடையாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. காத்திருந்து காத்திருந்து எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. தையல்கடைக்காரரும் அவர் மனைவியும் தலையாட்டினார்கள்.

மில் பெரியவர் கேட்டார்: "லேட்டா வர்றது யாருன்னு பேரைச் சொல்லுங்க தம்பி, பாப்போம்."

யாரும் சொல்லவில்லை.

"நான் சொல்றேன். டூட்டி முடிச்சுட்டு நேரா இங்க வர்ற பொண்ணு. அவங்க ஒருத்தர்தான். அப்ப லேட்டா வர்றவங்கன்னு ஏன் எழுதணும்? அவங்க பேரையே எழுதிடுங்க."

சட்டம் படிக்கும் பெண் நோட்டைப் புரட்டினாள். "தாத்தா, இது வந்தாலும் செல்லாது. ஆட்டத்துல இருக்கிற எல்லாருக்கும் ஓட்டு உண்டுன்னு 105 சொல்லுது. அது மாறா விதி. மாறா விதிக்கும் மாறும் விதிக்கும் முட்டிக்கிட்டா மாறா விதிதான் நிக்கும்னு 110-ல இருக்கு."

"அப்ப 105-ஐ இறக்கிட்டா?"

"இறக்க எல்லாரும் சம்மதிக்கணும் அண்ணா. அக்காவும் சேர்த்து."

தன் ஓட்டைப் பறிக்க அந்தச் செவிலியரே கை தூக்க வேண்டும். அந்த இடத்தில் நோமிக்கின் கட்டுமானம் எனக்கு முழுதாகப் புரிந்தது. யார் ஓட்டுப்போடலாம் என்பதை ஏன் மாறும் பட்டியலில் விடாமல் மேலே வைத்திருக்கிறார்கள் என்பதும் புரிந்தது. தம்பி முன்மொழிவைத் திரும்பப் பெற்று வேறொன்று எழுதினார்: ஓட்டெடுப்பு மாலை 6.30-க்கு முன் நடக்காது. விவாதம் அதற்கு முன்பே தொடங்கலாம். ஏழு பேரும் ஆதரித்தார்கள். அவருடைய குறை காத்திருப்புதான், அக்காவின் ஓட்டு அல்ல. முன்மொழிகிறவரிடம் முதலில் அவருடைய குறை என்ன என்று கேளுங்கள். விதியின் வாசகத்தைப் பிறகு பேசலாம். பாதி முன்மொழிவுகள் அந்தக் கேள்வியிலேயே வேறு உருவம் எடுத்துவிடும்.

யார் ஓட்டுப்போடலாம் என்பதில் புதுச்சேரிக்கு இருக்கும் அனுபவம் சாதாரணமானதல்ல. பிரெஞ்சுக் குடியரசு 1870-களில் இந்த ஊருக்குப் பாராளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. பக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் அப்படி ஒன்றைக் கனவிலும் காணமுடியாத காலம். 1881-ல் வந்த ஓர் ஆணை, இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்றது. அப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான்கள். அவர்களை ஐரோப்பியரோடு சேர்த்து எண்ணுவதா, மற்ற இந்தியரோடு சேர்ப்பதா? 1884-ல் மூன்று வாக்காளர் பட்டியல்கள் போட்டார்கள்: ஐரோப்பியருக்கு ஒன்று, ரெனோன்சான்களுக்கு ஒன்று, மற்ற இந்தியருக்கு ஒன்று. ஆள் எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ள பட்டியல்கள், உள்ளூர் மன்றங்களுக்குத் தனித்தனியே உறுப்பினர்களை அனுப்பின. 1899-ல் ரெனோன்சான்களின் தனிப் பட்டியல் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் எல்லோரும் ஒரே பட்டியலில் வந்தார்கள். வகுப்பில் இதை நடத்தும்போது வெறும் ஆண்டுகளாக நடத்தியிருக்கிறேன். 105-ஐப் பற்றிய அந்த மாலைக்குப் பிறகு, ஒவ்வோர் ஆணையும் வந்த நாளில் யார் யார் எழுந்து போயிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஓட்டில் இந்த ஊரின் அடுத்த அனுபவம் கீழூர். 1946-ம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்புச் சட்டம், தன் 27-ம் பிரிவில், சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று விதித்திருந்தது. ஆக, பிரான்ஸ் புதுச்சேரியை விட்டுப் போவதற்கும் ஓர் ஓட்டு தேவைப்பட்டது. சந்தனநகரில் 1949 ஜூன் 19 அன்று மக்களே நேரில் ஓட்டுப்போட்டார்கள். இங்கே வேறு வழி. 1954 அக்டோபர் 18 அன்று மங்கலத்தை ஒட்டிய கீழூரில், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் ஓட்டுப்போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது.

எங்கள் குழுவில் இதைப் பேசியபோது இளைஞர்கள் இருவரும் 170-ஐப் பார்த்தார்கள். மில் பெரியவர் அந்த எட்டைப் பார்த்தார். "சங்கத்துல எதிர்த்து ஓட்டுப்போட்டவன்கிட்டதான் முதல்ல போய்ப் பேசணும்" என்றார். 1956 மே 28 அன்று கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் அந்தத் திசையில் நிறையவே யோசித்திருக்கிறது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று வழி வைத்தார்கள். இந்தப் பகுதிகளுக்கு இருக்கும் தனி நிர்வாகத் தகுதியை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்தபிறகே மாற்றலாம் என்றும் எழுதிவைத்தார்கள். அப்படிக் குடியுரிமை தக்கவைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் ஆயிரக்கணக்கில் இந்த ஊரில் வாழ்கிறார்கள். பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப்போடுகிறார்கள். தனித் தகுதி பற்றிய வரியும் வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை. 1979 ஜனவரியில் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது ஊர் முழுக்கக் கொதித்தது; பேச்சு அத்தோடு நின்றது.

ஓட்டாளர் யார் என்ற கேள்வி அண்மையிலும் வந்தது. 1963-ம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப்பகுதிகள் அரசுச் சட்டப்படி எங்கள் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். ஒன்றிய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். 2017-ல் நியமிக்கப்பட்டவர்கள் குறித்த வழக்கில், நியமன உறுப்பினர்களுக்கும் ஓட்டு உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரி 22 அன்று நம்பிக்கை ஓட்டெடுப்புக்குப் பேரவை கூடியபோது, ராஜினாமாக்களுக்குப் பிறகு மிஞ்சியிருந்தவர்கள் 26 பேர். ஆளும் தரப்பில் சபாநாயகரோடு சேர்த்து 12. எதிர்த் தரப்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 11, நியமனம் 3. அரசு விழுந்தது. எந்தக் கட்சியை ஆதரிப்பவரானாலும் ஒன்றை மறுக்கமுடியாது: அந்த நாளின் முடிவு, நியமிக்கப்பட்டவர்களுக்கு ஓட்டு உண்டு என்ற விதியில் இருந்தது. பாரதி பூங்காவின் எதிரே நடந்த அதை எங்கள் மாடியில் மாதக்கணக்கில் பேசினோம். புது ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுக்கும் முன்மொழிவு எது வந்தாலும் எங்கள் குழு இன்றுவரை அதைத் தோற்கடித்தே வந்திருக்கிறது.

ஓட்டாளருக்கு அடுத்து எத்தனை ஓட்டு வேண்டும் என்பது. 203-ம் விதிப்படி தொடக்கத்தில் எல்லா மாற்றத்துக்கும் ஒருமனதான ஆதரவு தேவை. இரண்டு முழுச் சுற்று முடிவதற்குள் யாரும் அதைத் திருத்தாவிட்டால் அது தானாகவே சாதாரணப் பெரும்பான்மைக்கு இறங்கிவிடும். புதிதாக ஆடுகிறவர்கள் அந்த நாள் வருவதைக் கவனிப்பதில்லை. ஒருமனது தேவைப்படும் வரை எல்லோரும் எல்லோரையும் பார்த்துப் பேசுவார்கள்; கடைசியாக மறுப்பவரின் காரணம்தான் மிக முக்கியமான காரணமாக இருக்கும். பெரும்பான்மை போதும் என்றானதும் நாலாவது ஓட்டு கிடைத்தவுடன் பேச்சு நின்றுவிடும். இரண்டாவது சுற்று முடிவதற்கு முன்பே உங்கள் குழு இதைப் பேசி முடிவெடுத்துவிட வேண்டும். நாங்கள் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தோம். ஏழு பேரில் ஐந்து ஓட்டு. நான்கு பேர் கூட்டு சேர்ந்தால் போதாது, இன்னொருவரைப் பேசி இணங்கவைக்க வேண்டும். ஒருவர் பிடிவாதமாக மறுத்தாலும் ஆட்டம் முடங்காது.

204-ம் விதியை யாரும் அவசரத்தில் நீக்கிவிட வேண்டாம். ஒருமனது தேவையில்லை என்ற நிலை வந்தபிறகு, வென்ற முன்மொழிவை எதிர்த்து ஓட்டுப்போட்டவர்களுக்குத் தலா 10 புள்ளி தரும் விதி அது. தோற்ற தரப்புக்கு ஏன் பரிசு என்று எங்கள் தையல்கடைக்காரர் கோபப்பட்டார். அவர் மனைவி சொன்ன பதில்: "நாம ஜெயிச்சோம்ல, அவங்களுக்கு ஏதாச்சும் கிடைக்கட்டுமே." சூபரின் எண்ணமும் அதற்கு வெகு தூரத்தில் இருந்திருக்காது. புள்ளிக்காகவே எதிர்த்து ஓட்டுப்போடுகிறவர்கள் உண்டு. எல்லோரும் அப்படி நினைத்தால் முன்மொழிவே தோற்றுவிடும் என்பதால் அது தானாக அடங்கிவிடும்.

மாற்றும் விதியே தன்னை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதுதான் சூபரை இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்த கேள்வி. 115-ம் விதி முடியும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நம் நாட்டில் பதில் வேறு. கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24 அன்று, 13 நீதிபதிகளில் 7 பேர், பாராளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கமுடியாது என்றார்கள். 1976-ல் 42-வது திருத்தம் 368-ம் பிரிவுக்குள்ளேயே புகுந்து, திருத்தங்களை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்கமுடியாது என்று எழுதியது. 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் அந்த வரியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. சட்டம் படிக்கும் பெண் இதை மாடியில் விளக்கிய அன்று பகடையை யாரும் தொடவே இல்லை. நான் நீதிமன்றத்தின் பக்கம். நோமிக் ஆடும்போதும் 105-ஐ ஒருபோதும் கீழே இறக்க ஓட்டுப்போட மாட்டேன் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி வாசகம். 106-ம் விதிப்படி முன்மொழிவை ஓட்டுக்கு முன் எழுத்தில் வைக்க வேண்டும். 111-ம் விதி விவாதத்துக்கு நியாயமான நேரம் தரச் சொல்கிறது, இரண்டு மாற்றங்களை ஒன்றாகக் கட்டிக் கொண்டுவந்தால் அதை எதிர்த்துப் பேச இடம் தருகிறது. இறுதி வாசகத்தை முடிவு செய்வது முன்மொழிந்தவரே. இந்த இடத்தில் மில் பெரியவரின் சங்கப் பழக்கம் எங்களுக்குக் கைகொடுத்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஒருமுறை படிப்பார். வழிமொழிகிறவர் இன்னொருமுறை படிப்பார். பிறகு எதிர்க்க நினைக்கிறவர் ஒருவர், தனக்குப் புரிந்ததைத் தன் சொற்களில் சொல்வார். மூன்றாவது ஆள் சொல்வது முதல் ஆள் நினைத்ததோடு ஒத்துப்போகாவிட்டால் விவாதத்துக்கே போகக்கூடாது, வாசகத்தைத் திருத்த வேண்டும். முன்மொழிபவர் ஓட்டுப்போடக்கூடாது என்று ஒருவர் ஒரு முறை எழுதிவந்தார். தன் முன்மொழிவுக்கு மட்டுமா, அந்தச் சுற்றிலுள்ள எல்லா முன்மொழிவுக்குமா? எழுதியவர் முதலாவதை நினைத்தார், கேட்டவர்களில் மூன்று பேர் இரண்டாவதை நினைத்தார்கள். எதிர்த்தரப்பு தன் வாயால் படித்ததால்தான் அது வெளிவந்தது. எழுதியவரின் நல்ல எண்ணத்தைப் பற்றிய பேச்சு வந்தால் நான் நிறுத்திவிடுவேன். நோட்டில் ஒட்டப்போவது வாசகம்தான்.

காலமும் வாசகத்தின் பகுதிதான். 107-ம் விதி முன்தேதியிட்டு எதையும் மாற்ற விடாது. ஆனால் ஒருவர் 90 புள்ளியைத் தாண்டிவிட்டபோது வெற்றி இலக்கை 100-லிருந்து 200 ஆக்கச் சொல்லும் முன்மொழிவு விதிப்படி செல்லும், முன்தேதியும் இல்லை. ஆனாலும் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தால் அது என்ன என்று தெரியும். புள்ளிக் கணக்கைத் தொடும் எந்த மாற்றமும் அடுத்த ஆட்டத்திலிருந்தே அமலாகும் என்று ஒரு விதியை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே, யார் முன்னால் இருக்கிறார்கள் என்று தெரியாதபோதே, நிறைவேற்றிவிடுங்கள். புதுச்சேரியில் 1954 நவம்பர் 1-ம் தேதிக்கும், பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் தந்து ஒப்பந்தம் அமலான 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிக்கும் நடுவே ஏறக்குறைய எட்டு ஆண்டுகள். தாமதம் என்று பலர் குறைசொல்வார்கள். அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் எந்தப் பக்கம் என்று யோசிக்க முடிந்தது என்பேன் நான்.

விதி வந்தபின் திருத்துவதற்குத் தயங்கவும் வேண்டாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் இரண்டு உண்டு. முதலாம் பராந்தகனின் 12-ம் ஆட்சியாண்டில் ஒன்று, 14-ம் ஆட்சியாண்டில் ஒன்று, 919, 921. முதல் விதிகள் வந்து இரண்டே ஆண்டில் சபை திரும்பக் கூடி அவற்றைத் திருத்தியது. வாரிய உறுப்பினரின் வயது வரம்பு முதலில் 30 முதல் 60, திருத்தத்தில் 35 முதல் 70. கணக்குக் காட்டாதவர்களும் அவர்களின் உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை, ஊரிலிருந்த மற்றவர்களுக்கு அதில் இடமில்லை. அதையும் சேர்த்தே நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். இருந்தாலும் முதல் கல்வெட்டை அழிக்காமல் திருத்தத்தைத் தனியாக வெட்டி வைத்தார்களே, அதை நாங்களும் செய்கிறோம். நீக்கிய விதியை நோட்டிலிருந்து கிழிப்பதில்லை. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி, ஓட்டு எண்ணிக்கை, எதிர்த்தவர் சொன்ன காரணம் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் பின்னால் பல முறை உதவியது. தோற்ற காரணம் ஒன்று ஆறு மாதம் கழித்து வேறொருவர் வாயிலிருந்து வரும். அப்போது ஐந்து ஓட்டு கிடைத்துவிடும்.

நடுவர் பற்றிச் சுருக்கமாக. சர்ச்சை வந்தால் முறைக்காரருக்கு முந்தைய முறைக்காரர்தான் நடுவர். மற்ற எல்லோரும் ஒருமனதாக எதிர்த்தால் மட்டுமே அவர் தீர்ப்பை மாற்றலாம். தீர்ப்பைக் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள், அது போதும். ஆட்டத்தைத் தொடரவே முடியாத சிக்கலில் மாட்டினால், தன் முறையை முடிக்க முடியாமல் போன முதல் ஆள் வென்றவர் என்கிறது 213. அந்தச் சிக்கலைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் ஆசை இல்லை.

விலகுகிறவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு மூல விதிகளில் ஒரு வரிதான் இருக்கிறது. நாங்கள் இரண்டு விதிகள் சேர்த்தோம். விலகியவர் அந்த ஆட்டம் முடிவதற்குள் திரும்பி வந்தால் அவருடைய புள்ளி அப்படியே இருக்கும். அடுத்த ஆட்டத்தின் முதல் முறை, முந்தைய ஆட்டத்தில் அதிக ஓட்டெடுப்புகளில் தோற்றவருக்கு. இரண்டாவது விதி வந்தபிறகு முதல் முன்மொழிவுகளின் தரமே மாறிவிட்டது. தோற்றுத் தோற்று யோசித்து வைத்திருந்ததை எல்லாம் அவர் அங்கே கொண்டுவருகிறார்.

இப்போது எங்கள் முன் இருப்பது தையல்கடைத் தம்பதியின் மகனைப் பற்றிய முன்மொழிவு. பன்னிரண்டு வயது. தொடக்கத்திலிருந்தே புள்ளிக் கணக்கை அவன்தான் எழுதுகிறான், விதி எண்களை எங்களைவிட வேகமாகச் சொல்வான். அவனையும் ஆட்டக்காரனாகச் சேர்க்க வேண்டும் என்கிறார் செவிலியர். "அப்பா அம்மா சொல்ற பக்கம் கை தூக்குவான், அந்த வீட்டுக்கு மூணு ஓட்டு ஆயிடும்" என்பது கணக்கெழுதும் தம்பியின் கவலை, அது நியாயமான கவலை. 61-வது திருத்தம் ஓட்டு வயதை 21-லிருந்து 18 ஆக்கி 1989-ல் அமலானபோதும் இளையவர்கள் வீட்டில் சொல்கிறபடி போடுவார்கள் என்று பேசியவர்கள் இருந்ததை மில் பெரியவர் நினைவுபடுத்தினார். சட்டம் படிக்கும் பெண் ஒரு திருத்தம் கேட்கிறாள்: அவன் ஓட்டை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதிப் போடட்டும், எல்லோரும் அப்படியே போடட்டும். செவிலியர் அதை வாசகத்தில் சேர்ப்பதா, தனி முன்மொழிவாக விடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். சேர்த்தால் 111-ன்படி அது இரண்டு மாற்றம் ஆகிவிடும் என்பது என் வாதம். சீட்டு முறை முதலில் தனியாக வரட்டும், அடுத்த முறையில் பையன் வரட்டும். அப்போது நான் ஆதரித்து ஓட்டுப்போடுவேன், ஒரே நிபந்தனை: ஓட்டோடு சேர்த்து முன்மொழியும் உரிமையும் அவனுக்கு வேண்டும்.